புள்ளி விழுந்த படமே போதும்: சைனஸ் ஸ்கேனில் கதிர்வீச்சைக் குறைக்கும் வழி

சிடி ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு இடத்தின் அடர்த்தியும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் குறிக்கப்படுகிறது. நீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, வீங்கிய சளிச்சவ்வுக்குச் சில பத்துகள், எலும்புக்குப் பல நூறுகள். கல்லீரலில் உள்ள சிறு கட்டியைப் பிரித்தறிய மருத்துவர் சில பத்து அலகு வித்தியாசத்தையே நம்பியிருக்க வேண்டியிருக்கும். மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் இருக்கும் காற்றறைகளான சைனஸிலோ காற்றுக்கும் சவ்வுக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் அலகு இடைவெளி இருக்கிறது. ஆகவே படம் சற்றுப் புள்ளி விழுந்து தெரிந்தாலும், அறையில் காற்று இருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா என்பதில் குழப்பம் நேராது.

இரைச்சல் எனப்படும் இப்புள்ளிகள், உணரியை வந்தடையும் எக்ஸ் கதிர்த் துகள்கள் குறையக் குறையக் கூடுகின்றன. ஆனால் கதிரளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் கூடுகின்றன என்பதால், கதிரளவைப் பாதியாக்கினால் இரைச்சல் சுமார் 40 விழுக்காடே உயர்கிறது. கால் பங்காக்கினால்தான் அது இரட்டிப்பாகிறது. எக்ஸ் கதிரை உண்டாக்கும் குழாயின் மின்னோட்டத்தைக் குறைத்தால் கதிரளவு அதே விகிதத்தில் இறங்கும். மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100க்கு இறக்கினாலோ, மின்னோட்டத்தை மாற்றாமலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும்.

கதிர்வீச்சு உடலுக்கு விளைவிக்கக்கூடிய பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். பெரும்பாலும் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாத இந்த ஸ்கேனுக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கலாம். இயற்கைச் சூழலிலிருந்தே ஓராண்டில் உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம்மீது படுகிறதே. கவலை கண்வில்லையைப் பற்றியது. கண்புரையை உண்டாக்கக்கூடிய கதிரளவின் தொடக்க வரம்பைப் பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2011இல் 0.5 கிரே (திசு உள்வாங்கும் கதிர் ஆற்றலின் அலகு) எனக் குறைத்தது. ஒரே ஸ்கேன் அந்த அளவை நெருங்காது என்றாலும், நாட்பட்ட சைனஸ் அழற்சி உள்ளவர்களுக்கு ஸ்கேன் திரும்பத் திரும்ப எடுக்கப்படுவதுண்டு.

பெரிய சேமிப்பு ஒன்று கருவியின் முன்னேற்றத்தால் தானாகவே கிடைத்தது. முன்பெல்லாம் மூக்கறுவை மருத்துவருக்குத் தேவையான முன்பக்க வெட்டுப் படங்களுக்காக, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துக் கழுத்தை நிமிர்த்தி இன்னொரு முறை ஸ்கேன் எடுப்பார்கள். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் அதிலும் கோடுகள் விழும். ஒரே சமயத்தில் பல துண்டுகளை எடுக்கும் இன்றைய ஸ்கேனர் ஒரே சுற்றில் மில்லிமீட்டருக்கும் மெல்லிய துண்டுகளாகத் தரவைச் சேகரித்து, எந்தத் திசை வெட்டையும் கணினியிலேயே உருவாக்கிவிடுகிறது. இரைச்சலைப் படிப்படியாகத் திருத்தும் மீள்கணிப்பு முறையும், வலுக்குறைந்த கதிர்களை முன்பே தடுக்கும் வெள்ளீய வடிகட்டியும் சேர்ந்தால் கதிரளவை இன்னும் வெகுவாகக் குறைக்க முடியும்.

எந்திரத்தைவிட அதை இயக்குபவரின் கவனமே முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. நெற்றி அறையின் உச்சி முதல் மேல்தாடைப் பற்கள் வரை எடுத்தாலே போதும் என்ற நிலையில், கீழ்த்தாடையையும் சேர்த்து எடுப்பது வீண். நோயாளியின் தலை, ஸ்கேனர் வளையத்தின் நடுவில் அமையாவிட்டால் கதிரளவின் கணக்கும் படத்தின் தரமும் ஒருசேரக் கெடும். கதிரைத் தடுக்க, கண்மேல் பிஸ்மத் என்ற உலோகத்தாலான கவசம் வைப்பது வசதியாகத் தோன்றினாலும் அது படத்தைப் பாதிக்கிறது. குழாய் முகத்துக்கு முன்னால் வரும்போது மட்டும் மின்னோட்டத்தைத் தாழ்த்தும் முறை அதைவிட மேல்.

இந்தச் சிக்கனம் எல்லா நோயாளிக்கும் பொருந்தாது. தொற்று கண்குழிக்குள் பரவியிருக்கிறது என்றோ, கட்டி இருக்கிறது என்றோ ஐயம் எழுந்தால், அங்கே பிரித்தறிய வேண்டியது ஒன்றையொன்று ஒத்த மென்திசுக்களை. அதற்கு முழு அளவுக் கதிருடன் சாயமருந்து செலுத்திய ஸ்கேனோ, எம்ஆர்ஐயோதான் தேவைப்படும்.