வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை வசனக் கணக்கில் தடுமாறுவது ஏன்?

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளிகள் பெற்று, யாழ்ப்பாண நகரத்துப் பெரிய பாடசாலையொன்றில் தரம் 6 இல் சேர்ந்த பிள்ளை சில மாதங்களிலேயே கணிதத்தில் பின்தங்கினால், "கவனமில்லை" என்பதுதான் வீட்டிலும் வகுப்பிலும் முதலில் வரும் தீர்ப்பு. அந்தப் பிள்ளைக்குப் பட்டம் தெளிக்கிறார்களா, கொப்பியை ஒளிக்கிறார்களா, விளையாட்டில் சேர்க்காமல் விடுகிறார்களா, அதாவது சக மாணவர்களின் வன்சீண்டலுக்கு (bullying) அது உள்ளாகிறதா என்று விசாரிப்பவர்கள் குறைவு.

யாழ்ப்பாணத்திலிருந்து 7.15 இற்குப் புறப்படும் பஸ் நெல்லியடியில் 12 நிமிடங்கள் தரித்து, 8.20 இற்குப் பருத்தித்துறையை அடைகிறது. அது ஓடிய நேரம் எவ்வளவு? இதற்கு விடை காணும் பிள்ளை, மொத்தம் 65 நிமிடங்கள் என்பதை மனதில் ஏந்திக்கொள்ள வேண்டும். அதையே விடையாக எழுதிவிடும் அவசரத்தை அடக்க வேண்டும். பின்னர் 12 ஐக் கழிக்கும் வழிக்கு மாற வேண்டும். ஏந்துதல், அடக்குதல், மாறுதல் ஆகிய இம்மூன்றையும் உளவியலாளர்கள் நிறைவேற்றுச் செயற்பாடுகளின், அதாவது எண்ணத்தையும் செயலையும் நெறிப்படுத்தும் திறன்களின், அடிப்படை என்கின்றனர். இவற்றில் பெரும்பங்கு வகிக்கும் மூளையின் முன்நெற்றிப் பகுதி முழுமையாக முதிர ஏறத்தாழ 25 வயதாகிறது.

அச்சம் மிகும்போது நோர்அட்ரினலின், டோபமின் ஆகிய மூளை இரசாயனங்கள் அளவுமீறிச் சுரந்து, அப்பகுதியின் நரம்புக்கலத் தொடர்புகளைத் தளர்த்துகின்றன என்பதை நரம்பியல் ஆய்வாளர் ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுகள் விளக்கியுள்ளன. அவ்வேளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் கை ஓங்குகிறது. ஒருநாட் சண்டையென்றால் இந்த நிலை விரைவில் தணிந்துவிடும். ஆனால், உளவியலாளர் டான் ஒல்வேயஸ் வரையறுத்த வன்சீண்டலோ, வலிமை குறைந்தவர்மீது மீண்டும் மீண்டும் நிகழ்வது. ஆகவே பிள்ளை கணித பாடத்திலும் பின்வரிசை வாங்கின் அசைவையும் இடைவேளை மணியையுமே அஞ்சி எதிர்பார்த்திருக்கிறது.

உளவியலாளர் ரோய் பௌமைஸ்டரும் சகாக்களும் 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்று என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. பிற்காலத்தில் தனித்துப்போவீர்கள் என்று சொல்லப்பட்ட பல்கலைக்கழக மாணவர்கள், சிந்தித்து விடைகாணும் கேள்விகளில் சரிந்தார்கள்; வெறுமனே மனனம் செய்வதில் அவர்களுக்குக் குறைவு நேரவில்லை. அது வளர்ந்தவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுதான் என்றாலும், வாய்ப்பாட்டை ஒப்புவித்துவிட்டு பஸ் கணக்கில் திகைக்கும் பிள்ளையை அது நினைவூட்டுகிறது.

காரணம் மறுதிசையிலும் ஓடுகிறது என்பதை மறைக்கக்கூடாது. பிரித்தானியாவிலும் நியூசிலாந்திலும் பிள்ளைகளை நெடுங்காலம் பின்தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, துன்புறுத்தலுக்கு உள்ளானவர்களிடம் கண்ட அறிவாற்றற் குறைவின் பெரும்பகுதி, அதற்கு முன்பே இருந்தது அல்லது குடும்பச் சூழல் போன்ற பிற காரணிகளிலிருந்து வந்தது என்று கண்டது. அவசரத்தை அடக்கச் சிரமப்படும் பிள்ளை சீண்டலுக்கு உடனே கொதித்தெழுவதால், சீண்டுபவர்கள் அதையே தேடி வருவதும் உண்டு.

ஆகவே ஆசிரியர் செய்யக்கூடியவை இரண்டு வகையானவை. கணக்கின் படிகளைக் கரும்பலகையில் அழிக்காமல் விட்டுவைத்தால், மனதில் ஏந்தவேண்டிய சுமை அன்றைக்கே குறையும். அந்தப் பிள்ளைக்குப் பின்வரிசை வாங்கில் யார் இருக்கிறார்கள், இடைவேளையில் அது எங்கே நிற்கிறது என்பதை அறிந்துகொள்ள ஒரு வாரமாவது அருகிலிருந்து பார்க்க வேண்டும்.