பெருங்குடலுக்கான மாத்திரையை உடைக்காதீர்கள்

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண்ணுக்கு மெசலமைன் வாங்க வருபவர்களில் சிலர், மாத்திரை பெரிதாக இருப்பதால் அதைப் பொடித்துத் தேனில் குழைத்து விழுங்குவதாக எங்கள் மருந்தகத்தில் மிக இயல்பாகச் சொல்வதுண்டு. வேறு பல மாத்திரைகளுக்குச் சரிப்படும் இந்த வழக்கம், இம்மருந்தின் பயனையே கெடுத்துவிடும்.

மெசலமைன் குடலின் உட்சுவரில் நேரடியாகப் பட்டு வேலை செய்யும் மருந்து. பொடித்து, மாத்திரையின் மேலுறையின்றி விழுங்கினால் அதன் பெரும்பகுதி சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போய்விடும். புண் இருக்கும் இடத்துக்குச் சேர்வது சொற்பமே. ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்தை மனத்தில் வைத்து உருவாக்கிய சல்ஃபாசலாசின் என்ற மருந்து, இந்தச் சிக்கலைத் தற்செயலாகத் தீர்த்திருந்தது. அதில் மெசலமைனும் ஒரு சல்ஃபா மருந்தும் அசோ எனும் வேதிப் பிணைப்பால் இணைந்திருக்கின்றன; அப்பிணைப்பைப் பெருங்குடல் பாக்டீரியாக்களே அறுக்கின்றன. புண்ணை ஆற்றுவது மெசலமைன் பகுதிதான் என்று 1977இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு காட்டியது. தலைவலி, குமட்டல், ஆண்களுக்குத் தற்காலிகமாக விந்தணு குறைதல் ஆகிய தொல்லைகளுக்குப் பெரும்பாலும் சல்ஃபா பகுதியே காரணம் என்பதால், அதை விட்டுவிட்டு மெசலமைனை மட்டும் உறையிட்டு அனுப்பும் முறைகள் வந்தன.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) இரைப்பையில் 1 முதல் 2 வரை. சிறுகுடலின் கடைசியில் அது 7ஐத் தாண்டும். இன்று விற்கும் பல மாத்திரைகளின் உறை அந்த அளவில்தான் கரையும். ஆகவே உடைத்தாலும் மென்றாலும் உறை போயிற்று. மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் குடிப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது பெருங்குடலின் பிஎச் அளவைக் குறைத்து, உறை கரைவதைத் தடுக்கக்கூடும். பிஎச் அளவை நம்பாமல், எத்தில் செல்லுலோஸ் எனும் பொருள் பூசிய குறுமணிகளிலிருந்து மருந்தை மெல்லக் கசியவிடும் தயாரிப்புகளும் உண்டு. அவற்றில் சிலவற்றைத் தண்ணீரில் கலைத்துக் குடிக்கலாம் என்றாலும், மருந்தாளுநரைக் கேட்ட பின்பே அப்படிச் செய்யுங்கள்.

மலத்தில் மாத்திரையின் வெற்றுக்கூடு தென்பட்டால் பெரும்பாலும் கவலையில்லை. முழு மாத்திரையே திரும்பத் திரும்ப வெளியேறினால், வயிற்றுப்போக்கின் வேகத்தில் அது கரையாமல் போகிறது என்று பொருள். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் வகையை மாற்ற வேண்டியிருக்கலாம்.

ஆசனவாய் வழி மருந்தென்றால் பலர் கூச்சத்தோடு மறுத்துவிடுகிறார்கள். மலக்குடலில் மட்டும் நோய் இருப்பவருக்கு வாய்வழி மாத்திரையைவிட, ஆசனவாயில் வைக்கும் குளிகையான சப்போசிட்டரியே நன்றாகப் பலன் தரும் என்பதால், இந்தக் கூச்சம் எனக்கு வருத்தமளிக்கிறது. சப்போசிட்டரியின் மருந்து மலக்குடலோடு நின்றுவிடும். ஆசனவாய் வழியே செலுத்தும் எனிமா திரவம் மண்ணீரலுக்கு அருகிலுள்ள குடல் வளைவு வரை ஏறக்கூடியது. இரவு மலம் கழித்த பின், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து எனிமாவைச் செலுத்திக்கொண்டு, அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். விடியும்வரை மருந்து உள்ளே தங்கினால் இன்னும் நல்லது. இத்திரவம் துணியில் பட்டால் கறை போகாது என்பதால், படுக்கையில் பழைய விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.