தாலாட்டு ஏன் அழுகையில் தொடங்குகிறது?

நம் ஊர்த் தாலாட்டுகள் பல, பிள்ளையை எடுத்த எடுப்பிலேயே தூங்கச் சொல்வதில்லை. யார் அடித்து நீ அழுகிறாய், மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா, எதால் அடித்தார்கள் என்று உறவுக்காரர்களை ஒவ்வொருவராக இழுத்து விசாரிக்கின்றன. மாமன் அடித்தது மல்லிகைப்பூச் செண்டால்தான் என்பது விசாரணையில் தெரியவரும். அதெல்லாம் முடிந்த பிறகே 'ஆராரோ' நீள்கிறது, தொட்டில் ஆடும் வேகம் குறைகிறது.

இந்த வரிசையை மருத்துவமனைக்குள் கொண்டுபோனவர் இரா ஆல்ட்ஷுலர். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் இருந்த எலோயிஸ் மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்தார். நோயாளியின் மனநிலைக்கு ஒத்த இசையை முதலில் கொடுக்க வேண்டும், அவர் அதனுடன் இணைந்த பிறகு இசையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும் என்று 1940களில் எழுதினார். இதற்கு 'ஐசோ கொள்கை' என்று பெயர். ஐசோ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சமம், ஒத்தது என்று பொருள். இசை சிகிச்சை படித்தவர்கள் இன்றும் இதை ஓர் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். மனம் உடைந்து உட்கார்ந்திருப்பவரிடம் குத்துப்பாட்டைப் போட்டு "ஜாலியா இரு" என்பது இதற்கு நேர் எதிரான வைத்தியம். அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இசை உடலை எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு நல்ல அளவீடுகள் உண்டு. இத்தாலியின் பவியா நகரைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியின் குழு 24 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டது. பாதிப் பேர் இசைக் கலைஞர்கள், பாதிப் பேர் இசை படிக்காதவர்கள். இந்திய ராகம் உள்பட ஆறு வகை இசையைக் கேட்கவைத்தார்கள். பாட்டின் வேகம் கூடக் கூட மூச்சும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடின. பாட்டு பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதைவிட அதன் வேகமே பெரிதாக வேலை செய்தது. இதைவிடச் சுவாரசியமானது, பாட்டுகளுக்கு நடுவே விட்ட 2 நிமிட மௌனம். அந்த இடைவெளியில் இதயத் துடிப்பு, ஆய்வு தொடங்குவதற்கு முன் இருந்த நிலைக்கும் கீழே இறங்கியது. பாட்டு உண்டாக்கிய விழிப்பிலிருந்து உடல் இறங்கும்போது, ஏறிய படிக்கும் கீழே ஒரு படி போய் நிற்கிறது.

மூளையின் பங்கு இன்னொன்று. பாட்டுக் கேட்கும்போது அடுத்த அடி எங்கே விழும் என்று மூளை ஓயாமல் கணக்குப் போடுகிறது. கனடாவின் மாண்ட்ரியலில் செய்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், மயிர்க்கூச்செறிய வைக்கும் இடம் வருவதற்குச் சில நொடிகள் முன்பே மூளையின் ஒரு பகுதியிலும், அந்த இடம் வந்தவுடன் இன்னொரு பகுதியிலும் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரப்பது தெரிந்தது. வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புக்கே பாதிக் கூலி கிடைத்துவிடுகிறது. எதையுமே எதிர்பார்க்கத் தோன்றாத நாளில் மூன்று நிமிடத்துக்காவது எதிர்பார்க்க வைப்பது சின்ன உதவியில்லை.

இனி செய்முறை. ஏழு பாட்டு, மொத்தம் 30 நிமிடம் என்று ஒரு பட்டியல் போதும். முதலில் ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் அளக்க வேண்டும். 15 நொடிக்குத் தொடையில் தாளம் போட்டு, விழுந்த தட்டுகளை 4-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை என்று தெரியும். தாளத்தைத்தான் எண்ண வேண்டும். மிருதங்கம், தபேலாவின் அடிகளை எண்ணினால் 70 என்பது 140 என்றோ 280 என்றோ காட்டும். கால் தானாக ஆடும் வேகம் எதுவோ அதுதான் கணக்கு.

படபடப்பு, கோபம் என்றால் 110, 120-இல் தொடங்கி 60, 70-க்கு இறங்குங்கள். துக்கம், சோர்வு என்றால் தலைகீழ்: 60 வாக்கில் தொடங்கி 85, 90-க்கு ஏறினால் போதும், அதற்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு பாட்டும் அப்போதைய மனநிலையை அப்படியே சொல்ல வேண்டும். மூன்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றாவதில் வேகம் 10 மாறட்டும், குரலும் வாத்தியமும் முன்பு போலவே இருக்கட்டும். நான்காவதில் வரிகளின் பொருள் கொஞ்சம் வெளிச்சமாகட்டும். ஐந்தாவது வரிகளே இல்லாத புல்லாங்குழலோ வீணையோ ஆகட்டும். மனதுக்குள் ஏற்கெனவே பேச்சு அதிகமாக ஓடுகிறபோது பாட்டின் வரிகளும் அதோடு சேர்ந்துகொள்ளும், அதை அங்கே அறுத்துவிடலாம். ஆறும் ஏழும் போய்ச் சேர வேண்டிய இடம். முடிந்ததும் 2 நிமிடம் எதுவும் ஒலிக்கக் கூடாது. பெர்னார்டி அளந்த அந்த மௌனத்தை வீணாக்காதீர்கள்.

தொடங்கும் முன் மனநிலைக்கு 0 (மிக மோசம்) முதல் 10 (மிக நன்று) வரை ஒரு மதிப்பெண், முடித்த பின் ஒன்று, இரண்டையும் காகிதத்தில் எழுதுங்கள். பட்டியல் வேலை செய்கிறதா என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது.

பெரும்பாலும் கெட்டுப்போவது சில்லறைக் காரணங்களால்தான். நான்காவது பாட்டுக்கு நடுவில் சோப்பு விளம்பரம் வந்தால் அதுவரை நடந்த வேலை கலைந்துவிடும். பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செயலி தானே வரிசையைக் கலைத்துப் போடுகிற வசதியை அணைத்து வையுங்கள். ஒலியைக் கூட்டினால் பலன் கூடும் என்ற நினைப்பும் தவறு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். இயர்போன் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் சாதாரணமாகப் பேசுவது அறவே கேட்கவில்லை என்றால் அது அதிகம்.

அடுத்தது 'அந்தப் பாட்டு'. எல்லாருக்கும் ஒன்று உண்டு. பழக்கமான பாட்டும் சொந்த வாழ்க்கையின் நினைவும் நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரே பகுதியில் சந்திக்கின்றன என்று பீட்டர் ஜனாட்டா என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் மூளைப் படங்களில் காட்டினார். வேகமும் ராகமும் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், பிரிந்துபோனவருடன் பேருந்தில் கேட்ட பாட்டு உங்களைப் பேருந்துக்குத்தான் கொண்டுபோகும். அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமானது, ஒரே சோகப் பாட்டை ராத்திரி 2 மணிக்குத் திரும்பத் திரும்பப் போடுவது. சோகப் பாட்டு தப்பில்லை. ஒப்பாரி முழுக்கச் சோகம்தான். ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்காருகிறார்கள். ஒருத்தி இழப்பைப் பெயர் சொல்லிப் பாடுகிறாள், மற்றவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வோர் அடியும் மேலே எழும்பி நீண்ட மூச்சாகக் கீழே இறங்கி முடிகிறது. யாராவது தண்ணீர் கொடுக்கிறார்கள், ஒரு கட்டத்தில் பாட்டு நிற்கிறது. இயர்போனில் சுழலும் பாட்டுக்கு வட்டமும் இல்லை, முடிவும் இல்லை. அதே எண்ணத்தை அசைபோடுகிற வேலையை அது சுலபமாக்கித் தருகிறது. இரண்டு நாள் அடுத்தடுத்து முடிவு மதிப்பெண் குறைந்திருந்தால் அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள்.

வீட்டில் பாட்டுக் கேட்பது வேறு, பயிற்சி பெற்றவர் உடனிருந்து செய்யும் இசை சிகிச்சை வேறு. 2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 9 ஆய்வுகளை, மொத்தம் 421 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. மனச்சோர்வுக்கு வழக்கமான சிகிச்சையோடு இசை சிகிச்சையும் சேர்ந்தால் குறுகிய காலத்துக்குக் கூடுதல் பலன் இருந்தது. 'சேர்ந்தால்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு இடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கச் சொல்லவில்லை. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால், சாகலாம் என்ற எண்ணம் வந்தால், பட்டியலை மூடிவிட்டு 14416-க்குப் பேசுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம்.

இந்த நோய்க்கு இந்த ராகம் என்ற அட்டவணைகள் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகின்றன. நீலாம்பரி தூக்கம் தரும் என்பதில் பழக்கத்துக்கும் பங்கு உண்டு: அந்த ராகத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது தூக்கத்தின் மணி. சர்க்கரைக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று என்று போவதற்கு ஆதாரம் கிடையாது. வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குப் பதில் 432 ஹெர்ட்ஸில் இசைத்தால் குணமாகும் என்ற புராணம் அதைவிட வேடிக்கை. 440-க்கும் 432-க்கும் உள்ள வித்தியாசம் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அவரவர் குரலுக்கு ஏற்ற சுருதியை வைத்துப் பாடுகிற நம் மரபில், உலகத்துக்கே ஒரு மந்திர எண் என்பதற்கு இடமே இல்லை.

கேட்பதைவிட ஆழமாக வேலை செய்வது பாடுவது, அதிலும் வெறுமனே 'ம்ம்' என்று முனகுவது. 4 நொடி மூக்கால் மூச்சை உள்ளே இழுத்து, 6 நொடி 'ம்' என்று விட்டால் ஒரு சுற்று 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் உடலின் அனிச்சை ஏற்பாடு ஏறி இறங்குவதும் ஏறக்குறைய இதே 10 நொடிச் சுழற்சியில்தான். இரண்டும் சேரும்போது அந்த ஏற்பாடு கூர்மையாகிறது. கத்தோலிக்கர்கள் லத்தீனில் செபமாலை சொல்லும்போதும், பௌத்த மந்திரம் சொல்லும்போதும் மூச்சு தானாக நிமிடத்துக்கு 6 என்று அமைவதைப் பெர்னார்டியின் குழு 2001-இல் அளந்து காட்டியது. முனகலுக்குத் தனி வரவும் உண்டு: முனகும்போது மூக்கு வழியே வெளிவரும், ரத்தக் குழாய்களை விரிக்கும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடு, சும்மா மூச்சு விடுவதைப் போல 15 மடங்கு என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் கண்டார்கள். சைனஸ் அறைகளின் காற்று அப்படி அதிர்ந்து வெளியேறுகிறது.

மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது நாடி கொஞ்சம் விரைவதும், 'ம்' நீளும்போது அடிகளுக்கு நடுவே இடைவெளி அகல்வதும் பலருக்கு விரலிலேயே தெரியும். 5 நிமிடத்துக்கு 30 சுற்று. தலை சுற்றினால் காற்றை அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள், குறைவாக இழுங்கள். 6 நொடிக்கு முன் மூச்சு தீர்ந்தால் ஒலியைப் பாதியாகக் குறையுங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் விட்டுவிடுங்கள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம், "எனக்குப் பாட வராது". பெரும்பாலும் அது குரலின் குற்றமில்லை, கட்டையின் (சுருதி உயரத்தின்) குற்றம். சினிமாப் பாடகரின் சுருதியிலேயே பாடிப் பார்த்து, சரணத்தில் குரல் உடைந்ததும் தன்னைத்தானே கழித்துவிடுகிறார்கள். உங்கள் சுருதியைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. கைபேசியில் கீபோர்டு செயலியைத் திறந்து, கரகரப்பில்லாமல் உங்களால் இறங்க முடிகிற கடைசி ஸ்வரத்தைக் கண்டுபிடியுங்கள். அது உங்கள் கீழ்ப் பஞ்சமம் ('ப'). அங்கிருந்து கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணி 5 விசை மேலே போனால் உங்கள் ஷட்ஜமம் ('ஸ'), அதுவே உங்கள் சுருதி. ஆண்களுக்குப் பொதுவாக 1 முதல் 2 கட்டைக்குள், பெண்களுக்கு 4½ முதல் 6 கட்டைக்குள் வரும். சுருதிப் பெட்டிச் செயலியில் அதை வைத்து, பிடித்த பாட்டை அங்கே இறக்கிப் பாடுங்கள். அதே பாட்டு, அதே தொண்டை. உடைந்த இடம் உடையாது.

கடைசித் தடை பதிவில் கேட்கும் சொந்தக் குரல். "இது நானா? சீ" என்று அணைத்துவிடுவோம். பேசும்போது நம் குரல் காற்று வழியாகவும் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. எலும்பு கீழ் ஒலிகளைத் தடிமனாக்கித் தருகிறது. பதிவில் அந்த அடிப்பகுதி கிடையாது, குரல் மெலிந்து கீச்சென்று கேட்கிறது. அதோடு, வார்த்தைக்குள் நாம் ஒளித்து வைத்ததாக நினைத்த பதற்றமும் தயக்கமும் பதிவில் வெளியே கேட்பதுதான் கூடுதலாகச் சுடுகிறது என்று 1966-லேயே உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் இத்தனை நாளும் கேட்டுப் பழகிய குரல் இதுதான். புதிதாகக் கேட்கிறவர் நீங்கள் ஒருவர் மட்டுமே.

பழகிக்கொள்ள ஒரு நாளைக்கு 1 நிமிடப் பதிவு போதும். கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் 'ப' போன்ற எழுத்தெல்லாம் காற்றாக அடிக்கும். எதிரொலி சேர்ப்பது, சுருதியைத் திருத்துவது எதுவும் வேண்டாம். மறுநாள் மூன்று முறை கேளுங்கள்: முதல் முறை மூச்சு எங்கே எடுக்கிறீர்கள் என்று மட்டும், இரண்டாம் முறை சுருதி எங்கே நழுவுகிறது என்று மட்டும், மூன்றாம் முறை எதையும் தேடாமல். இயர்போனில் கேளுங்கள், கைபேசியின் சின்ன ஸ்பீக்கருக்குக் கீழ் ஒலிகளைத் தரும் வலு இல்லை, மெலிந்த குரலை இன்னும் மெலிய வைக்கும். பதிவு செய்ய அழைப்புச் செயலிகளையும் பயன்படுத்தாதீர்கள். இரைச்சலை நீக்கும் அவற்றின் மென்பொருள், மின்விசிறி ஓசையைப் போல மாறாமல் நீளும் எதையும் குப்பை என்று எடுத்துக்கொள்கிறது. ஆறு நொடி அசையாமல் நின்ற உங்கள் 'ம்' அதற்கு மின்விசிறிதான். நன்றாகப் பாடிய இடமாகப் பார்த்து வெட்டிவிடும்.