பழைய கிட்டாரின் பெயின்ட்டில் கை வைக்கும் முன்

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஆலையில் 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் செய்த ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார், ஆலையில் அடித்த பெயின்ட்டோடு இருந்தால் ஒரு விலை. உரித்து மறுபடி பூசியது என்று தெரிந்தால் கிட்டத்தட்ட அதில் பாதி. பூசியவர் எவ்வளவு கைதேர்ந்தவர் என்பது இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றுவதில்லை. மஞ்சளடித்து, மயிரிழையாக வெடித்து, கைபடும் இடமெல்லாம் மரம் தெரிகிற ஒரு பழைய கிட்டார் மேசைக்கு வந்தால், லேசாக நாஃப்தா கரைப்பான் தொட்ட பருத்தித் துணியால் அழுக்கை மட்டும் துடையுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தேய்மானம்தான் அதன் வரலாறு; உரித்த பிறகு அதை யாராலும் திருப்பி வைக்க முடியாது.

மறுபூச்சும், புதுப் பூச்சைப் பழையதாகக் காட்டும் செயற்கைப் பழமையும் இரண்டு வகைப் பாடிகளுக்குத்தான், அதாவது கிட்டாரின் மர உடல்களுக்குத்தான், பொருந்தும். ஒன்று, ஏற்கெனவே யாரோ உரித்துவிட்டது. 1970களில் பெயின்ட்டைச் சுரண்டி மரநிறத்துக்கு மாற்றுவது பரவலான பழக்கமாக இருந்தது. மற்றொன்று, புதிதாக அறுத்துச் செய்தது.

முதலில், இருப்பது ஆலைப் பூச்சுதானா என்று பார்க்க வேண்டும். பின்பக்க ஸ்பிரிங் பள்ளத்தின் உள்மூலையில், அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியை வைத்துப் பாருங்கள். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் (சுருக்கமாக நைட்ரோ) சில நொடிகளில் பிசுபிசுக்கும். பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும் அசையாது. 1968 வாக்கில் ஃபெண்டர் தடித்த பாலிப் பூச்சுக்கு மாறியது என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் பழைய நைட்ரோ வெளிர்பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னால் தொட்டுப் பூசிய இடம் திட்டாக வேறு நிறத்தில் நிற்கும். 1964 வரையிலான பாடிகளில் பிக்கார்டுக்கு (பாடியின் முன்பக்கத்தை மூடும் தகடு) அடியில் சிறு ஆணித்துளைகள் இருக்கும். பெயின்ட் காயும்போது பாடியைத் தாங்கிய ஆணிகளின் தடம் அது. அந்தத் துளைக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் பிறகு பூசியது. 1962, 63 முதல் நெக் (கிட்டாரின் நீண்ட கழுத்து) பொருந்தும் பள்ளத்தில் ஒரு குச்சியைத் திருகிப் பிடித்துக்கொண்டு அடித்தார்கள். குச்சி இருந்த இடம் பெயின்ட் படாத பட்டையாகத் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாம் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

சில நேரம் ஆலைப் பெயின்ட்டின் மேலேயே வேறு நிறத்தை அடித்திருப்பார்கள். அப்படியானால் உரிப்பது பெரும் இழப்பு. மேல்பூச்சை மட்டும் பொறுமையாக எடுத்து அடியில் இருப்பதை மீட்கும் வேலை தனி. அதற்குப் பழகியவரிடம் கொடுங்கள்.

உரித்தல்

பாலிப் பூச்சுக்கு ஹீட் கன்னும் மழுங்கிய ஸ்கிரேப்பரும் போதும். ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் பூச்சு தகடாகப் பெயரும். நிறுத்தினால் மரம் கருகி, அந்தக் கறை வெளிர்நிறப் பூச்சுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். நைட்ரோவுக்குப் பெயின்ட் ரிமூவர். மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரை வாங்காதீர்கள்; அடைத்த அறையில் அதன் ஆவி உயிரையே எடுத்திருக்கிறது. பொதுமக்களுக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்தது. பழைய நிறமிகளில் ஈயம் இருக்கலாம் என்பதால் பழைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பவும் கூடாது.

1963 வாக்கில் ஃபெண்டர் நிறத்துக்கு அடியில் மரத்தின் துளைகளை அடைக்கும் ஒரு ரசாயன சீலரைப் பயன்படுத்தத் தொடங்கியது. ரிமூவருக்கு நிறம் போகும், சீலர் போகாது. மஞ்சளாகப் பளபளக்கும் அதை மரம் என்றெண்ணித் தேய்க்கத் தொடங்குபவர்கள் உண்டு. பாதி சீலர், பாதி மரம் என்று திட்டுத் திட்டாகி, பிறகு எந்தச் சாயமும் சமமாக ஏறாது. அந்தச் சீலர் முழுதாக இருந்தால் அப்படியே விட்டு 320 எண் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, அதன் மேலேயே பூசுங்கள்.

அதிகக் கெடுதல் நடப்பது உப்புத்தாளால்தான். அக்காலப் பாடிகளில் முன்கை படும் சரிவும் வயிற்றுப் பக்கக் குடைவும் ஆழமானவை; மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்த வளைவு போய்விடும், ஓரத்தின் உருண்டை கூராகும். மெத்தென்ற கட்டையில் தாளைச் சுற்றிக் கையாலேயே தேய்க்க வேண்டும்: 180, 220, 320. மரம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் மறைந்ததும் அங்கே நிறுத்துங்கள். நெக் பள்ளத்துக்குள் தாளே போகக் கூடாது. அதன் ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் குறைந்தால் பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் தந்தியின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறிவிடும்.

பூசுதல்

1956 நடுவில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆஷ் மரத்திலிருந்து ஆல்டருக்கு மாறியது. ஆஷ் மரத்தில் துளைகள் திறந்திருக்கும். ஃபில்லர் போட்டு நிரப்பாமல் பூசினால் ஒரு மாதத்தில் லேக்கர் உள்ளே அமிழ்ந்து மேற்பரப்பு குழிகுழியாகும். ஆல்டருக்கு ஃபில்லர் தேவையில்லை, சீலர் போதும்.

பழைய கிட்டாரின் மேற்பூச்சில் சிலிகான் கலந்த பாலிஷ் ஊறியிருக்கும். அதன் மேல் லேக்கர் பட்டதும் மீன்கண் போல வட்டக் குழிகள் விழும். நாஃப்தாவால் இருமுறை துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கை மெல்லியதாக ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் அடங்கும்.

லேக்கரும் தின்னரும் சரிபாதி. 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில், காற்றழுத்தம் 25 முதல் 30 பி.எஸ்.ஐ., ஸ்பிரே கன்னுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு சாண். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். கோட்டுக்கு இடையே ஒரு மணி நேரம், நாளுக்கு மூன்று கோட்டுக்கு மேல் வேண்டாம். நிறம் மூன்று நான்கு கோட், நிறமற்ற கிளியர் லேக்கர் ஆறு முதல் எட்டு. தேய்த்து முடித்த பிறகு மொத்தக் கனம் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டிய பூச்சு எவ்வளவு வெடித்தாலும் பிளாஸ்டிக் உறை போலவே தெரியும்.

ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் கன்னைத் தொடாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். லேக்கர் வெள்ளையாகப் புகைமூட்டம் போடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. தள்ள முடியாவிட்டால் தின்னரில் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை 5 முதல் 10 விழுக்காடு சேர்த்து, உலர்த்தும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

நைட்ரோ எளிதில் தீப்பிடிக்கும். பொறி பறக்கும் மோட்டார் விசிறி, அடுப்பு, சிகரெட் எதுவும் அருகில் கூடாது. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவி கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்தான் வேண்டும். உதிர்ந்த லேக்கர் தூளைக் கூட்டியதும் தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

நிறத்தில் ஒரு நுட்பம். ஃபெண்டர் பயன்படுத்திய தனி நிறங்கள் டூபான்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட்டுகள். அவற்றின் மேல் அடித்த நைட்ரோ கிளியர்தான் ஆண்டுகள் போகப்போக மஞ்சளாகும். லேக் பிளாசிட் நீலம் பச்சை சாய்வதும் ஒலிம்பிக் வெள்ளை பாலாடை நிறமாவதும் அதனால்தான். நிறத்திலேயே மஞ்சளைக் கலந்தால் தேய்ந்த இடத்திலும் மஞ்சளாகவே இருக்கும், பொய் தெரிந்துவிடும். நிறத்தை ஆலையில் இருந்தது போலத் தூய்மையாக அடித்து, கடைசி இரண்டு மூன்று கிளியர் கோட்டில் மட்டும் ஆம்பர் சாயம் சில துளி சேருங்கள். பிக்கார்டு மூடியிருந்த இடம் வெயில் படாததால் நிறம் மாறாமல் இருந்திருக்கும். அதே வடிவில் அட்டை வெட்டி மறைத்துக்கொண்டு ஆம்பர் அடிக்க வேண்டும்.

பூசியபின் மூன்று நான்கு வாரம் தொங்கவிடுங்கள். மூக்கை வைத்தால் தின்னர் வாசம் வரக்கூடாது. பிறகு 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர். திருகுத் துளைகளில் மெழுகு அடைக்காமல் தண்ணீர் போட்டுத் தேய்த்தால் மரம் ஊதி, துளையைச் சுற்றி லேக்கர் பிளக்கும்.

பழமையாக்குதல்

1995இல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் பிரிவு, புதிய கிட்டார்களைப் பழையதாகக் காட்டும் ரெலிக் வரிசையைக் கொண்டுவந்தபோது பாடிகளைப் பழமையாக்கியவர் வின்ஸ் குனெட்டோ. மற்றொரு கிட்டார் நிறுவனமான கிப்சன் 2021இல், பழமையாக்கலில் பெயர்பெற்ற டாம் மர்ஃபியின் பெயரில் மர்ஃபி லேபைத் தொடங்கியது. இன்று எங்கு பார்த்தாலும் பழமையாக்கிய கிட்டார்கள். பெரும்பாலானவை ஏன் பொய்யாகத் தெரிகின்றன என்றால், வரிசை தவறுகிறது: முதலில் வெடிப்பு, பிறகு தேய்மானம், அதன்பின் வெளித்தெரியும் மரத்தின் நிறம், கடைசியில் அழுக்கு.

வெடிப்புக்குக் கடினமான லேக்கர் வேண்டும். கிட்டாருக்கென விற்கும் நைட்ரோவில் வெடிக்காமலிருக்கவே, பூச்சை நெகிழ வைக்கும் பிளாஸ்டிசைசர் சேர்த்திருப்பார்கள். அது குறைவாக உள்ள என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் எளிதில் வெடிக்கும். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவு சூடேற்றி, டிரையரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, தூசி ஊதும் டஸ்டர் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துச் சிறு சிறு வீச்சாக அடித்தால் வெடிப்பு ஓடும். பெரும்பாலான டப்பாக்களில் இருப்பது தீப்பிடிக்கும் வாயு. திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்துபோகும். கையுறையும் திறந்த வெளியும் கட்டாயம். பிளேடால் கோடு கீறுவது வீண். உண்மையான வெடிப்பு கிளைக்கும், ஒன்று மற்றொன்றில் போய் முட்டி நிற்கும், நகத்தால் வருடினால் மேடு இருக்காது. பிளேடு கோட்டின் இரு கரையிலும் மேடு தட்டும்.

தேய்மானம் எங்கே வரும் என்பதை வாசிப்பவரின் உடம்பு சொல்லும்: முன்கை சாயும் ஓரம், பெல்ட் உரசும் பின்பக்கம், தரையில் ஊன்றும் அடி விளிம்பு. அயர்லாந்து கிட்டார் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பெயின்ட் பெரும்பாலும் போய்விட்டது. ஆண்டுக்கணக்கான வியர்வையும் ஓயாத வாசிப்பும் சேர்ந்து செய்தது அது. அதைப் பார்த்து நகலெடுப்பவர்கள் ஒரே மாலையில் உப்புத்தாளால் அதைக் கொண்டுவர நினைக்கிறார்கள். கிளியர் முதலில் மெலியும், பிறகு நிறம், பிறகு சீலர், கடைசியில் மரம். இந்த நான்கும் விளிம்பில் பட்டை பட்டையாகத் தெரிய வேண்டும். நிறம் சட்டென்று முடிந்து மரம் தொடங்கினால் அது உப்புத்தாளின் வேலை. 600, 1000 எண் தாளை விரலில் வைத்து ஈரமாகத் தேய்த்து, முடிவில் தோல்துண்டால் நெடுநேரம் உரசுங்கள்.

புதிதாகத் தெரியும் ஆல்டர் இளஞ்சிவப்பாக இருக்கும். வியர்வை குடித்த பழைய ஆல்டரோ சாம்பல் கலந்த கரும்பழுப்பு. இதைக் கவனிக்காமல் விடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. பழுப்பும் சாம்பலும் கலந்த நீர்ச்சாயத்தை மிக நீர்த்து நாலைந்து முறை ஏற்றி, வெடிப்புகளில் கருமெழுகைத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

நிக்கல் பாகங்களுக்கு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிறு கிண்ணத்தில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வைத்து, பாகங்களை அதற்கு மேலே, ஆசிட் தொடாமல் நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, மங்கியதும் எடுத்து சமையல் சோடாக் கரைசலில் கழுவி, காயவைத்து எண்ணெய் தொடுங்கள். இதை வெளியில்தான் செய்ய வேண்டும். பட்டறைக்குள் திறந்தால் உளியும் ரம்பமும் ஒரே இரவில் துருப்பிடிக்கும். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும், ஒலியளவைத் திருகும் பொட்டென்ஷியோமீட்டரையும் ஆசிட் ஆவிக்கு ஒருபோதும் காட்டாதீர்கள். 1959 முதல் 1964 வரை வந்த பச்சை சாய்ந்த பிக்கார்டு செல்லுலாய்டு. அதன் அருகில் ஹீட் கன் கூடாது, பற்றிக்கொள்ளும்.

வேலை தொடங்கும் முன் பாடியை எல்லாப் பக்கமும், பள்ளங்களின் உட்புறம் உட்படப் படமெடுத்து உரிமையாளரிடம் கொடுங்கள். சீலர் அடிப்பதற்கு முன் பிக்கப் பள்ளத்தின் அடிமரத்தில் மறுபூச்சு என்ற சொல்லையும் ஆண்டையும் சூட்டுக்கம்பியால் எழுதிவிடுங்கள். பேனா மை தின்னரில் கரைந்துவிடும். புதிய பாடியைப் பழமையாக்கி, பழைய சீரியல் எண் தகட்டைப் பொருத்தித் தரச் சொல்லி யாராவது கேட்டால் அந்த வேலையை எடுக்காதீர்கள். இரண்டு கை மாறிய பிறகு அது 1962 கிட்டார் என்றே விற்கப்படும்.