டிரசர், எச்.ஏ., எம்.ஏ.: தோட்டத்து மருத்துவச் சொற்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் அறுபதைத் தாண்டியவர்களிடம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கதையைக் கேளுங்கள். ஊசி போட்டவர், எக்ஸ்ரே எடுத்தவர், முழங்காலை மடக்கி நீட்டச் சொன்னவர் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: டிரசர், அதாவது அந்தக் காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவரின் பெயர். "டிரசரு தம்பி நல்ல பிள்ளைதான், ஆனா காலப் போட்டு இந்த முறுக்கு முறுக்கிட்டாரு" என்பார் ஒரு பாட்டி. அந்தத் தம்பி பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்ட். டிரசர் என்று கூப்பிட்டதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் தோட்டத்தில் அதைவிடப் பெரிய மரியாதை மேலாளரான துரைக்கும், தலைமை எழுத்தரான பெரிய கிராணிக்கும்தான் கிடைத்தது.

சொல் ஆங்கிலம். ஆடைக்கும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கும் அந்த மொழியில் ஒரே வினை. லத்தீனில் 'நேரான' என்று பொருள்படும் சொல் பழைய பிரெஞ்சுக்குள் போய் 'நேராக்கு, சீர்செய்' என்றாகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. உடையைச் சீராக உடுத்துவதும், புண்ணைக் கழுவி மருந்திட்டுக் கட்டுவதும் சீர்செய்தலின் இரண்டு கிளைகள். லண்டன் மருத்துவமனைகளில் அறுவை மருத்துவரின் கீழ் புண் கட்டிப் பழகிய மாணவர்களை டிரசர் என்றார்கள். கவிஞர் ஜான் கீட்ஸ் 1816-இல் கைஸ் மருத்துவமனையில் டிரசராக இருந்தவர்தான். அங்கே அது மருத்துவராகும் பாதையில் ஒரு படி. காலனி நாடுகளுக்குக் கப்பலேறி வந்தபோது பாதை அங்கேயே நின்றுவிட, படி மட்டும் இங்கே இறங்கியது. மலாயாவில் டிரசராகச் சேர்ந்தவர் பெரும்பாலும் டிரசராகவே ஓய்வுபெற்றார்.

தமிழ்நாட்டில் இதே இடத்தில் கம்பவுண்டர் இருந்தார்; அது மருந்து கலக்குபவருக்கான பெயர். இலங்கையில் அப்போத்திக்கரி. நமக்கு டிரசர். மலாய்க்காரர்களும் 'டிரேசார்' என்றே சொன்னார்கள்.

அவர் செய்த வேலையைப் பார்த்தால் பெயர் மிகச் சிறியது. விடியற்காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்து, மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை கொடுப்பார், விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறக்கச் சொல்லியும் பார்ப்பார். மலேரியா தோட்டங்களைச் சூறையாடிய காலம் அது. கிள்ளானில் 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் கொசு ஒழிப்பைத் தொடங்கிய பிறகும், உள்தோட்டங்களில் கொய்னா டப்பாதான் துணை. பால்வெட்டுக் கத்தி பட்ட விரலுக்கு மஞ்சள் மருந்து, பிள்ளைகளின் சொறிக்கு ஊதா மருந்து, பிரசவ வலி எடுத்தால் நடுராத்திரியில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு நடை. வி.எம்.ஓ. எனப்பட்ட வெளி டாக்டர் எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் யாருக்கு 'சிக்' (நோய் விடுப்பு) கொடுப்பது, யாரைப் பால்வெட்டுக்கு அனுப்புவது என்பது டிரசரின் முடிவு. அவர் எழுதும் ஒரு சீட்டில் ஒரு நாள் கூலி தொங்கியது. அதனால்தான் அவரைப் பற்றிய நினைவுகளில் பாசமும் பயமும் கலந்தே இருக்கும். அவரைத் தெய்வமாக்கி எழுதுகிறவர்கள் அந்தச் சீட்டை மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் அவரை வேறு பெயரில் அழைத்தது. 1965-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவுசெய்ய வகை செய்தது. எச்.ஏ. (ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட்) என்ற சுருக்கம் அந்தப் பதவியின் பெயர்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு 1977-இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. தனி வாரியம், தனிப் பதிவேடு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ். இவர்கள்தான் எம்.ஏ., அதாவது மெடிக்கல் அசிஸ்டென்ட். (முதுகலைப் பட்டம் என்று நினைத்துப் பெண் கொடுத்த குடும்பங்கள் உண்டு என்று ஊரில் ஒரு பழைய கிண்டல்.) இப்போது அவர்களுடைய பதவிப் பெயர் 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்'. நம் நாளிதழ்கள் 'உதவி மருத்துவ அதிகாரி' என்று எழுதுவது சரியான தமிழ்தான், மாற்ற வேண்டியதில்லை. 'காயக்கட்டாளர்' போன்ற புதுச்சொற்கள் வேண்டாம், அந்த மனிதர் கட்டு மட்டுமா போட்டார்?

குழப்பம் அடுத்த சொல்லில் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட், ரேடியோகிராபர், ஆய்வகத் தொழில்நுட்பர், உணவியலாளர், செவித்திறன் சோதிப்பவர், பேச்சுப் பயிற்சி தருபவர் எல்லாரையும் சேர்த்து ஆங்கிலத்தில் 'அலைட் ஹெல்த்' என்கிறார்கள். மலாயில் 'கெசிஹாத்தான் பெர்செக்குத்து'. தமிழில் பெரும்பாலும் 'துணை மருத்துவர்' என்று போட்டுவிடுகிறோம். கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமின் அறிவிப்பில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. வந்த பலர் அவர்களைச் சின்ன டாக்டர்கள் என்று நினைத்துப் பிரஷர் மாத்திரை கேட்டார்கள்.

பதவிப் பெயரில் 'துணை' என்றால் ஒருவருக்குக் கீழே நின்று உதவுவது. துணைத் தலைவர், துணை அமைச்சர் போல. 'அலைட்', 'பெர்செக்குத்து' இரண்டிலும் கீழே என்ற பொருள் இல்லை; சேர்ந்து நிற்பது என்பதே பொருள். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2016-இல் இயற்றப்பட்டு 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த 774-ஆம் சட்டம் (இணைச் சுகாதாரத் தொழில்களுக்கான மலேசியச் சட்டம்) 23 தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கென ஒரு மன்றத்தை அமைத்தது. அந்தப் பட்டியலில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலாளரும் மருத்துவச் சமூகப் பணியாளரும்கூட இருக்கிறார்கள். கொசுவை ஆராய்கிறவரை எந்த டாக்டருக்குத் துணை என்று சொல்வது? ஆகவே 'இணைச் சுகாதார வல்லுநர்' என்பதே என் தேர்வு. தமிழ்நாட்டு வாசகருக்குச் 'சுகாதாரம்' துப்புரவை நினைவூட்டலாம். நமக்குச் சுகாதார அமைச்சு என்ற வழக்கு ஊறிப்போயிருப்பதால் இடறாது.

இவர்கள் படிக்கும் விதமும் டிரசர் காலத்தோடு ஒட்டாது. அன்று தோட்ட ஆஸ்பத்திரியிலேயே மூத்தவரிடம் கைப்பழக்கமாகக் கற்றார்கள். இன்று எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வில் கணிதமும் அறிவியலும் தேறி, சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களிலோ தனியார் கல்லூரிகளிலோ டிப்ளோமா, அல்லது பல்கலைக்கழகத்தில் பட்டம். சுங்கை பூலோவில் இதற்கென்றே அமைச்சின் கல்லூரி இருக்கிறது. மருத்துவமனையில் நோயாளியைக் கையாளும் பயிற்சி படிப்பிலேயே அடங்கும். படிப்பு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். பிறகு மன்றத்தில் பதிவு, அதன்மேல் தொழில்புரியும் சான்றிதழ். 2020-க்கு முன் இப்படி ஒரு கட்டாயம் சட்டத்தில் இல்லை. கடை வீட்டில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரும் 'பிசியோ' என்று பலகை மாட்ட முடிந்தது. இப்போது பலகையைப் பார்த்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

தனித்தனிப் பெயர்களில் பிசியோதெரபிக்கு 'இயன்முறைச் சிகிச்சை' நிலைத்துவிட்டது. ஆக்குபேஷனல் தெரபிதான் மாட்டிக்கொண்டது. 'தொழில்வழிச் சிகிச்சை' என்றதும் வேலை தேடித் தருவார்களா என்று கேட்கிறார்கள். பக்கவாதம் வந்த ஒருவர் இடக்கையால் சட்டைப் பொத்தானைப் போடவும், மங்கு (சோற்றுக் கிண்ணம்) சாயாமல் பிடித்துச் சோறு அள்ளவும் கற்பிப்பதுதான் அங்கே நடப்பது. 'அன்றாடச் செயல் சிகிச்சை' என்றால் பாட்டிக்கும் புரியும்.

தாதியர், மருந்தாளுநர், பல் மருத்துவர் இந்தக் கூடையில் இல்லை. அவரவர்க்குத் தனிச் சட்டம். உதவி மருத்துவ அதிகாரியும் அப்படியே, 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். அதாவது பழைய டிரசரின் நேர் வாரிசு, சட்டப்படி இணைச் சுகாதார வல்லுநர் அல்லர். செய்தி எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிடாமல் இருந்தால் போதும்.