கணினி விட்டுக் கணினி பாயும் எழுத்து

ஒரே மேசையில் இரண்டு கணினிகளை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், ஒன்றில் தட்டச்சு செய்த நான்கு பத்தித் தமிழை மற்றதற்குக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் தமக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வதாகவும், இதைவிட எளிய வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறார். அப்படிக் கொண்டுபோன எழுத்துகள் சில சமயம் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் மாறிவிடுவது ஏன் என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு விரைவாகவே விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வியில்தான் கணினியியலின் மிக அழகான வேலைப்பாடுகளுள் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதால் அதற்கு அதிக இடம் ஒதுக்குகிறேன்.

இரண்டு கணினிகளும் ஒரே வைஃபையில் இருந்தால், அடுத்த நாற்காலிக்குப் போகவேண்டிய உரையைத் தொலைதூரச் சேவையகம் ஒன்றுக்கு அனுப்பித் திரும்பப் பெறவேண்டிய தேவையே இல்லை. பைத்தான் நிறுவப்பட்ட கணினியில் ஒற்றை வரிக் கட்டளை கொடுத்தால், கோப்பு இருக்கும் அடைவு சிறியதோர் இணையதளமாக மாறி 8000 என்ற எண்ணுள்ள வாயிலில் காத்திருக்கும். மற்றக் கணினியின் உலாவியில் முதற்கணினியின் முகவரியையும் அந்த எண்ணையும் தட்டினால் கோப்பு வந்துவிடும். நெட்கேட் என்னும் சின்னஞ்சிறு நிரல் இதைவிட நேரடியானது: ஒரு பக்கம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும், மறுபக்கம் உரையைக் கொட்டும், அவ்வளவே அதன் வேலை. இவ்விரண்டும் உரையை மறைக்காமல் அப்படியே அனுப்புபவை. ஆகவே கடவுச்சொல் போன்றவற்றை அனுப்புவதற்கு, 1995-இல் உருவான, உரையைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் முறையைச் சார்ந்த கருவிகளையே பயன்படுத்தவேண்டும்.

வலையமைப்பே இல்லாவிட்டாலும் வழிகள் உண்டு. பென்டிரைவைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. 1994-இல் ஜப்பானின் டென்சோ குழுமத்தில் உருவான கியூஆர் குறியீட்டைத் திரையில் காட்டி மறுகருவியின் கேமராவால் படிக்கலாம். அதன் மிகப் பெரிய வடிவம் பக்கத்துக்கு 177 கட்டங்கள் கொண்டது, அதிகபட்சம் 2,953 பைட்டுகளைத் தாங்கும் (0 அல்லது 1 என்னும் ஒற்றை இலக்கம் ஒரு பிட், எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்). மிகப் பழைய கணினி என்றால் தொடர்முனைக் கம்பி போதும். விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில், ஒவ்வொரு பைட்டின் 8 பிட்டுகளுக்கு முன்னே தொடக்க பிட் ஒன்றும் பின்னே முடிவு பிட் ஒன்றும் சேர்வதால், விநாடிக்கு 960 பைட்டுகள் கடந்துவிடும். 1975-இல் வகுக்கப்பட்ட ஒரு தரமுறை இன்னும் எளிமையானது: 0 என்றால் 1,200 ஹெர்ட்ஸ் ஒலி, 1 என்றால் 2,400 ஹெர்ட்ஸ் ஒலி என்று ஒலிநாடாவில் பதிந்து, விநாடிக்கு 300 பிட் வீதம் உரையைக் கணினி விட்டுக் கணினிக்குக் கொண்டுபோனார்கள்.

ஒளி, ஒலி, கம்பி, வானலை என்று ஊடகம் எதுவானாலும் இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. இவற்றுள் எதுவும் எழுத்தைக் கொண்டுபோவதில்லை. 0 முதல் 255 வரையிலான எண்களைத்தான், அதாவது பைட்டுகளைத்தான், கொண்டுபோகின்றன. அந்த எண்களை எழுத்தாகப் படிப்பது பெறுபவரின் பொறுப்பு. அனுப்பியவரும் பெறுபவரும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் உடன்பட்டிருக்கவேண்டும்; அந்த உடன்பாட்டுக்குக் குறியேற்றம் என்று பெயர்.

1963-இல் வெளிவந்த ஆஸ்கி தரமுறை 7 பிட்டுகளைக் கொண்டு 128 இடங்களை மட்டும் வரையறுத்தது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் அதற்குள் அடங்கின. 128-க்கு மேற்பட்ட இடங்களை ஆளாளுக்கு ஒரு வகையாக நிரப்பிக்கொண்டார்கள். தமிழுக்கு மட்டும் திஸ்கி, டாப், டாம் என்று பல முறைகள் புழங்கின. ஒரு முறையில் எழுதியதை வேறு முறை எழுத்துருவால் திறந்தால் படிக்க முடியாத குவியல்தான் கிடைக்கும். 1991-இல் முதற்பதிப்பு கண்ட யூனிக்கோடு, உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியெண் கொடுத்து இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்த்தது. ‘க’ எந்த நாட்டில் எந்தக் கணினியில் இருந்தாலும் அதன் குறியெண் 2965.

மீதிப் பாதியில்தான் நான் சொல்லவந்த வேலைப்பாடு இருக்கிறது. 2965 என்ற எண் ஒரு பைட்டில் அடங்காது. அதைப் பல பைட்டுகளாகப் பிரித்துத்தான் அனுப்பவேண்டும். இரண்டு இரண்டு பைட்டாகப் பிரித்தால் என்ன என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை, உண்மையிலேயே அப்படியொரு முறை இன்றும் இருக்கிறது. அதில் ‘மரம்’ என்ற சொல் 11 174, 11 176, 11 174, 11 205 என்று எட்டுப் பைட்டுகளாகப் போகும். வழியில் முதற்பைட் ஒன்று மட்டும் தொலைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பெறுபவர் மிச்சத்தை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 174 11, 176 11, 174 11 என்று படிப்பார். அவை 44555, 45067, 44555 என்னும் குறியெண்கள், மூன்றும் கொரிய எழுத்துகள். ஒரு பைட் தவறியதற்காகத் தமிழ் மரம் கொரிய மொழிக்குப் போய்விடுகிறது, அதற்குப் பின்னால் வரும் உரை முழுவதும் ஓரடி விலகியே நடக்கிறது. தொலைந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதற்கான தடயம்கூட அந்த எண்களுக்குள் இல்லை.

1992 செப்டம்பரில் கணினி வல்லுநர்களான கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் அமர்ந்து, மேசையில் தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளிலேயே வேறொரு முறையை வரைந்தார்கள். யுடிஎஃப்-8 என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். அதன் உயிர்நாடி, ஒவ்வொரு பைட்டும் தான் யார் என்பதைத் தன் தலையிலேயே எழுதிவைத்திருக்கவேண்டும் என்னும் விதி. ஒரு பைட்டின் இருமப் பிட்டுகள் 0 என்று தொடங்கினால் அது பழைய ஆஸ்கி எழுத்து, தனி ஆள். 110 என்று தொடங்கினால் இரண்டு பைட் குடும்பத்தின் தலைவர். 1110 என்றால் மூன்று பைட் குடும்பத்தின் தலைவர். 11110 என்றால் நான்கு. 10 என்று தொடங்கும் பைட் எப்போதும் பின்தொடர்பவரே, தலைவராகவே ஆகாது.

‘க’வைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். 2965-ஐ 16 இருமப் பிட்டுகளில் எழுதினால் 0000 101110 010101 என்று 4, 6, 6 எனப் பிரியும். முதற்பகுதிக்கு முன்னால் 1110, மற்ற இரண்டுக்கும் முன்னால் 10 சேர்த்தால் 11100000, 10101110, 10010101 கிடைக்கும். பதின்ம எண்களில் 224, 174, 149. தலைவர் தன் நெற்றியில் மூன்று 1-களை இட்டுக்கொண்டு என்னைச் சேர்த்து மூவர் என்று அறிவிக்கிறார். பின்வரும் இருவரும் நாங்கள் நடுவில் வருபவர்கள் என்று அறிவிக்கிறார்கள்.

இப்போது அதே விபத்து யுடிஎஃப்-8 உரையில் நேரட்டும். ஒரு பைட் தவறினால், மூன்று பேர் வரவேண்டிய இடத்தில் இருவர் வந்து, அடுத்து இன்னொரு தலைவர் நிற்பதைப் படிக்கும் நிரல் உடனே கண்டுகொள்ளும். சிதைந்த அந்த ஓர் எழுத்தின் இடத்தில் கருமையான வைரவடிவக் குறிக்குள் கேள்விக்குறி ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த எழுத்திலிருந்து பிழையின்றிப் படிக்கத் தொடங்கிவிடும். பெரிய கோப்பொன்றின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தாலும், அங்கிருந்து அதிகபட்சம் மூன்று பைட், தமிழ் எழுத்து என்றால் இரண்டே பைட், பின்னோக்கி நகர்ந்தால் எழுத்தின் தொடக்கம் அகப்பட்டுவிடும். யாருடைய உதவியும் இல்லாமல், கோப்பின் தலைப்பகுதியைப் பார்க்காமல், உரை தன் அடியைத் தானே சரிசெய்துகொள்கிறது. இதை முதன்முதலில் தாளில் எழுதிப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

இதே விதியிலிருந்து இன்னொரு நன்மையும் பிறக்கிறது. தமிழ் எழுத்தின் எந்தப் பைட்டும் 0 என்ற பிட்டில் தொடங்காது என்பதால், அதற்குள் ஆஸ்கி எழுத்து எதுவும் தற்செயலாக ஒளிந்திருக்க முடியாது. வரிமுடிவைத் தேடும் பழைய நிரலோ, கோப்புப் பெயரில் சாய்கோட்டைத் தேடும் இயங்குதளமோ, தமிழைப் பற்றி எதுவும் அறியாமலே தமிழை ஊறின்றிக் கடத்திவிடும். இரண்டு பைட் முறையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றின் முற்பாதியும் 11, பழைய நிரல்களுக்கு அது செங்குத்துத் தாவல் என்னும் கட்டளைக் குறி.

வலையமைப்பில் உரை பொட்டலங்களாகப் பிரிந்து போகும்போதும் இந்த அமைப்பு கைகொடுக்கிறது. ஈத்தர்நெட் பொட்டலம் 1,500 பைட் வரை தாங்கும்; முகவரித் தகவல்களுக்கு வழக்கமாக 40 போனால் உரைக்கு 1,460 மிஞ்சும். 1,460-ஐ மூன்றால் வகுத்தால் 486 போக மீதி 2. எனவே இடைவெளியே இல்லாத தமிழ் உரையில் 487-ஆவது குறியெண்ணின் முதல் இரண்டு பைட்டுகள் ஒரு பொட்டலத்திலும் மூன்றாவது அடுத்த பொட்டலத்திலும் பயணம் செய்யும். கவனமின்றி எழுதப்பட்ட நிரல், வந்த துண்டை வந்தவுடனே எழுத்தாக்கப் பார்த்து அந்த இடத்தில் சிதைவைக் காட்டும். நல்ல நிரல், தலைவரின் நெற்றியைப் பார்த்து இன்னும் ஒருவர் வரவேண்டும் என்று காத்திருக்கும். நீண்ட தமிழ் உரையின் நடுவில் எங்கோ ஓரெழுத்து மட்டும் கெட்டு, மற்றதெல்லாம் சரியாக இருந்தால், பெரும்பாலும் இத்தகைய அவசரம்தான் காரணம்.

ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்றா என்று மனம் கசப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு உண்மைதான், கியூஆர் குறியீட்டின் 2,953 பைட்டுகளில் தமிழ்க் குறியெண்கள் 984 மட்டுமே அடங்கும். ஆனால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதற்பைட்டும் 224, இரண்டாவது 174 அல்லது 175, வேறு எதுவும் வராது. இத்தனை எளிதில் ஊகிக்கக்கூடிய தொடரைச் சாதாரணச் சுருக்க நிரல்கள் மிக நன்றாகச் சுருக்கிவிடும். இணையப் பக்கங்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவில்தான் பயணம் செய்கின்றன. நம் கவலை வேறிடத்தில் இருக்கவேண்டும் என்று கருதுகிறேன். பழைய எட்டு பிட் முறைகளில் எழுதப்பட்ட தமிழ்க் கோப்புகளை இனங்கண்டு பிழையின்றி யூனிக்கோடாக மாற்றும் வேலைக்குத் தரவட்டவணையும் மொழியறிவும் பொறுமையும் தேவை. இதைப் பெரும்பாலும் ஆர்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள். தரமுறை வகுப்பதையும் பழைய உரையை மீட்பதையும் ஆய்வாக மதித்து நிதி ஒதுக்குவதற்கு நிறுவனங்கள் முன்வரவேண்டும்; அந்தக் கோப்புகள் இருக்கும் வட்டுகள் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

இனி வாசகரின் இரண்டாவது கேள்வி. கட்டங்கள் தெரிந்தால் அஞ்சவேண்டியதில்லை: பைட்டுகள் நலம், குறியெண்களும் நலம், அவற்றை வரைந்துகாட்டத் தக்க எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவே. ‘க’ இருக்கவேண்டிய இடத்தில் மேலே சாய்கோடிட்ட இலத்தீன் எழுத்தும், வட்டத்துக்குள் அமைந்த வணிகப் பதிவுக்குறியும், கரும்புள்ளியும் வரிசையாகத் தெரிந்தால், 224, 174, 149 பத்திரமாக வந்திருக்கின்றன, ஆனால் அவற்றை ஐரோப்பியக் குறியேற்றமாகப் பிழையாகப் படிக்கிறார்கள் என்று பொருள். யுடிஎஃப்-8 என்று மாற்றித் திறந்தால் உரை உயிர்பெற்றுவிடும். வெறும் கேள்விக்குறிகள் வந்தால்தான் இழப்பு. தமிழுக்கு இடமே இல்லாத குறியேற்றத்தில் யாரோ சேமித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குறியெண்ணும் 63 என்ற கேள்விக்குறியாக மாறிவிட்டது, அதிலிருந்து எந்த நிரலாலும் பழைய எழுத்தை வரவழைக்க முடியாது. விண்டோஸ் நோட்பேட் 2019 வரை புதிய கோப்புகளை இத்தகைய பழைய குறியேற்றத்தில்தான் சேமிக்க முற்பட்டது. தமிழ் எழுத்து இருந்தால் அது காட்டும் எச்சரிக்கையைப் படிக்காமல் சரி என்று அழுத்தியவர்கள் பலர்.

எனவே மூலக் கோப்பை அழிப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வரிமுறிவு எதுவும் இல்லாமல் ஒரு கோப்பில் எழுதி, வழக்கமான வழியிலேயே மற்றக் கணினிக்கு அனுப்பி, அங்கே அதன் அளவைப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் அந்தச் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள் உள்ளன. அளவு 15 பைட் என்றால் யுடிஎஃப்-8 ஊறின்றிச் சேர்ந்திருக்கிறது. 18 என்றால் கோப்பின் தொடக்கத்தில் அடையாளத்துக்காக மூன்று பைட்டுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன, தீங்கில்லை. 10 அல்லது 12 என்றால் இரண்டு பைட் முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது, திறக்கும்போது அதைக் குறிப்பிட்டால் போதும். 30 என்றால் ஏதோ ஒரு நிரல் பிழையாகப் படித்ததையே மறுபடியும் யுடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறது. அதே படிகளைத் தலைகீழாகச் செய்தால் மீட்டுவிடலாம். 5 என்றால் அங்கே இருப்பவை ஐந்து கேள்விக்குறிகள். முதற்கணினிக்குத் திரும்பிச் சென்று, சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்து மீண்டும் அனுப்பவேண்டும்.