பட்டன் பெயர் மாறினால் கணக்கும் மாறும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இறால், நண்டு, கணவாய் வாங்கும் கம்பெனிகள் சிலவற்றில் எடைச்சீட்டும் படகுக் கணக்கும் இப்போது கம்ப்யூட்டரில்தான். உள்ளூர்ப் பிள்ளைகள் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தவை. பழுது என்று என் கைக்கு வருபவற்றில் கூட்டல் கழித்தல் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். திரையும் அதை இயக்கும் நிரல்வரிகளும் (கோடு) சேரும் இடத்தில்தான் கோளாறு.

திரை, பட்டன் எல்லாம் அமைக்கும் கருவித்தொகுப்புதான் க்யூடி; பைத்தானில் அதைப் பயன்படுத்த உதவுவது பைக்யூடி. க்யூடி டிசைனரில் பட்டனையும் பெட்டியையும் இழுத்து வைத்துச் சேமித்தால் கிடைப்பது ஒரு யூஐ ஃபைல். உள்ளே இருப்பது வெறும் எக்ஸ்எம்எல்: எந்தப் பட்டன், எங்கே, என்ன பெயர் என்ற விவரம். அதை ‘லோட்யூஐ’ கொண்டு நிரல் ஓடும்போதே ஏற்றலாம். ‘பையூஐசி’ கொண்டு பைத்தான் ஃபைலாகவும் மாற்றிக்கொள்ளலாம். எந்த வழியில் போனாலும், கோடு அந்தப் பட்டனைக் கண்டுபிடிப்பது ‘ஆப்ஜெக்ட் நேம்’ என்ற பெயரை வைத்துத்தான். அந்தப் பெயரை யாரும் மதிப்பதில்லை. டிசைனர் தானாகக் கொடுக்கும் ‘புஷ்பட்டன்_2’, ‘புஷ்பட்டன்_3’ அப்படியே கிடக்கும்.

ஒரு நண்டுக் கம்பெனியில் எடை போட்டுச் ‘சேமி’யை ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு வரி ஏறியது. 38 கிலோ நண்டு 76 கிலோவாக நின்றது. கணக்குப்பிள்ளை இரண்டு தரம் தட்டிவிட்டார் என்று அவர்மேல் பழி. அவர் தட்டியது ஒரே தரம்தான். ‘ஆன்_பட்டன்பெயர்_கிளிக்ட்’ என்ற வடிவில், தட்டினால் ஓட வேண்டிய ஃபங்ஷனுக்கு (நிரல்துண்டுக்கு) பெயர் வைத்தால் க்யூடி தானாகவே அதைப் பட்டனோடு இணைத்துவிடும். பட்டன் தட்டப்பட்டது என்று அறிவிக்கும் ‘கிளிக்ட்’ சிக்னலுக்குப் பைக்யூடியில் இரண்டு வடிவங்கள் உண்டு: மதிப்பு எதுவும் அனுப்பாத ஒன்று, ஆம்/இல்லை மதிப்பு அனுப்பும் இன்னொன்று. ஃபங்ஷனுக்கு மேலே ‘பைக்யூடிஸ்லாட்’ என்று குறிக்காவிட்டால் இரண்டோடும் இணைந்து, ஒரு தட்டுக்கு இரண்டு தடவை ஓடும். தானாக இணைந்தது தெரியாமல், பட்டனையும் ஃபங்ஷனையும் நாமே இணைக்கும் ‘கனெக்ட்’ வரியையும் எழுதி வைத்தால் இன்னும் ஒரு தடவை கூடும்.

இந்தத் தானியங்கி இணைப்பை நான் சிபாரிசு செய்வதில்லை. டிசைனரில் யாரோ பட்டனை அழித்துப் புதிதாக வைத்தால் பெயர் மாறிவிடும். திரையில் பிழைச்செய்தி ஒன்றும் வராது, பட்டன் மட்டும் செத்துக் கிடக்கும். ‘சேவ்பட்டன்’, ‘பிரிண்ட்பட்டன்’ என்று நீங்களே பெயர் வைத்து, எல்லா ‘கனெக்ட்’ வரிகளையும் ஒரே இடத்தில் எழுதுங்கள். ஃபங்ஷன் பெயரை மட்டும் ‘ஆன்_’ என்று தொடங்காதீர்கள். பெயர் பொருந்தாவிட்டால் அந்த ஜன்னல் திறக்கும்போதே ‘ஆட்ரிபியூட் எரர்’ காட்டி நின்றுவிடும். நிற்கட்டுமே! ஏலம் நடக்கிற நேரத்தில் வியாபாரி முன்னால் முழிப்பதைவிட உங்கள் மேசையில் நிற்பது மேல்.

பையூஐசி உருவாக்கிய ஃபைலுக்குள் கை வைக்க வேண்டாம். மறுமுறை மாற்றும்போது நீங்கள் எழுதியது அத்தனையும் போய்விடும். அந்த எச்சரிக்கை ஃபைலின் தலையிலேயே இருக்கிறது, படிக்கிறவர்கள்தான் குறைவு. உங்கள் கோடு தனி ஃபைலில் இருக்கட்டும்.

‘லோட்யூஐ’ பாவிப்பவர்களுக்கு இன்னொன்று. வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்தால், நிரலை எந்த ஃபோல்டரிலிருந்து இயக்குகிறோமோ அங்கேதான் தேடும். உங்களிடம் ஓடியது, கம்பெனி டெஸ்க்டாப் ஷார்ட்கட்டில் திறக்காது. நிரல் இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடித்து முழுப் பாதையாகக் கொடுங்கள். நிரலைப் பைத்தான் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடும்படி பைஇன்ஸ்டாலரில் கட்டும்போது யூஐ ஃபைலையும் சேர்க்கச் சொல்லுங்கள். தானாக அது சேர்க்காது.

ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரில் பெயர்களை மாற்றுவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு வரத்து மட்டும்தான். ஒவ்வொரு பட்டனையும் தட்டி, டேபிளில் எத்தனை வரி ஏறியது என்று கணக்குப்பிள்ளையை உட்கார வைத்தே பார்க்க அப்போதுதான் நேரம் கிடைக்கும்.